பூட்டிய அறையில் இருண்ட திரை

மருமகனை மேசைக்கு அடியில் தவழவிடும் உரிமை உலகத்தில் எந்த மாமியாருக்கும் கிடையாது. ஆனால் மாமியாரே துப்பறியும் நிபுணராகவும், மருமகன் அவரிடம் சம்பளம் வாங்கும் உதவியாளனாகவும் அமைந்துவிட்டால் அந்தச் சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

"மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க. கொஞ்சம் உள்ள போய்ப் பாருங்களேன்" என்றார் அத்தை.

மாப்பிள்ளை தப்பாக நினைத்துக்கொண்டே உள்ளே போனான். மேசைக்கு அடியில் பக்கவாட்டு மூடி கழற்றப்பட்ட ஒரு பழைய கணினிப் பெட்டி இருந்தது. அதற்குள், ஓட்டு வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்ட பணக்காரச் சம்பந்தி மாதிரி, பளபளவென்று, திரைக்குப் படம் அனுப்பும் ஒரு புது கிராபிக்ஸ் கார்டு. அதன் விசிறிகள் சுற்றின. ஓரத்து விளக்குகள் நீலமாக மினுங்கின. மேசைமேல் இருந்த திரை மட்டும் கும்மிருட்டு.

"என்ன தெரியுது?"

"தூசு தெரியுது அத்தை. அப்புறம் ஒரு பேனா மூடி. கொலைகாரன் பேனாவோட வந்திருக்கான்."

"கொலை எதுவும் நடக்கலை மாப்பிள்ளை."

"என் சட்டைய மேல வந்ததும் பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

அத்தை காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். கடை தானாக எரிந்ததா, முதலாளி எரித்தாரா என்று சாம்பலைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று பெயர். ஓய்வு பெற்றதும் வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிவிட்டார். அதே சமயத்தில் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. வீட்டோடு வந்து சேர்ந்த மாப்பிள்ளை பகலெல்லாம் சோபாவில் கிடந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, மரியாதை குறையாமல் அவனை உதவியாளன் ஆக்கிக்கொண்டார். இன்றுவரை ஒரு 'வா, போ' கிடையாது. எல்லா ஏவலும் 'ங்க' போட்டுத்தான்.

மாப்பிள்ளை தவழ்ந்து வெளியே வந்து கைபேசியை எடுத்தான். படம் பிடிக்கலாம் என்று பார்த்தால், அது ஒருமுறை சிணுங்கிவிட்டு அணைந்தது.

"ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டிருந்தேன் அத்தை. காலையில பாத்தா பாதிகூட ஏறல. தினமும் இதே கதை."

"உங்க போன் பழசாயிடுச்சு மாப்பிள்ளை" என்றார் அத்தை, இருண்ட திரையைப் பார்த்தபடி.

அவர்கள் வந்திருந்த அலுவலகம், இன்னும் கட்டாத கட்டடங்களைப் படமாகக் காட்டிப் பிழைக்கும் இடம். வீடோ கடையோ கட்டப்போகிறவர்கள் வரைபடத்தைக் கொடுத்தால், நாளைக்கு அது எப்படி இருக்கும், வாசலில் நுழைந்தால் என்ன தெரியும், சாயங்கால வெயில் எந்தச் சுவரில் விழும் என்று திரையில் நடந்து போவதுபோல ஓடவிட்டுக் காட்டுவார்கள். மூன்று மேசை, ஒரு கண்ணாடி அறை, பின்னால் துண்டு சமையலறை. சுவரெங்கும் முதலாளி கைப்பட எழுதி ஒட்டிய அறிவிப்புகள். 'விசிறி வீணாகச் சுற்றக் கூடாது.' 'கடைசியில் எழுந்தவர் விளக்கை அணைக்கவும்.' 'குழாயை இறுக மூடவும்.'

"வேலை எப்ப செய்யணும்னு மட்டும் எங்கயும் எழுதல" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தான்.

கண்ணாடி அறைக்குள் முதலாளி காத்திருந்தார். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. அதில் அலுவலகச் சாவி, அலமாரிச் சாவிகள், தடித்த ரிமோட்டோடு கார் சாவி எல்லாம் ஒன்றாகத் தொங்கின. அவர் நடந்தால் கோயில் யானை வருவது போலத் தெருமுனை வரை கேட்கும்.

"விஷயம் ரொம்ப சிம்பிள் மேடம்" என்றார். "இந்தப் புதுக் கார்டு வந்ததுலேருந்து ஒரு காலைகூடப் படம் வரல. மெக்கானிக் வருவான், சரி பண்ணுவான், சாயங்காலம் வரைக்கும் தங்கமா ஓடும். ராத்திரி நான் பூட்டிட்டுப் போவேன். காலையில நான்தான் வந்து திறப்பேன். பாத்தா மறுபடியும் இருட்டு. மெக்கானிக் மாத்தி வெச்ச செட்டிங்க யாரோ பழையபடி மாத்தி வெச்சிருக்காங்க."

"பூட்டு உடைஞ்சிருக்கா?"

"இல்ல."

"ஜன்னல்?"

"கம்பி போட்டது."

"சாவி?"

முதலாளி இடுப்பைத் தட்டினார். கொத்து குலுங்கியது. "ஒண்ணே ஒண்ணு. இதோ."

"அப்போ பேய்தான்" என்றான் மாப்பிள்ளை. "கம்ப்யூட்டர் படிச்ச பேய்."

முதலாளி அவனை முறைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கண்ணாடிக்கு அப்பால், இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளம்பெண்ணைக் கண்ணால் காட்டினார். அவள்தான் அங்கே டிசைனர்.

"போன மாசம் நான் காய்ச்சல்ல படுத்தப்ப ஒருநாள் அந்தப் பொண்ணுகிட்ட சாவி இருந்துச்சு. மாத்துச் சாவி போட ஒரு நாள் போதாதா? எதிர்ல ஒருத்தன் கடை வெச்சிருக்கான் பாருங்க, என்கிட்ட வேலை பாத்துட்டுப் போனவன். அவனோட இவ நின்னு பேசினத நானே பாத்தேன். இன்னைக்குச் சாயங்காலம் பல் டாக்டர் வர்றார். அவரு கட்டப்போற கிளினிக்க ஓடவிட்டுக் காட்டணும். காட்டலைன்னா நேரா எதிர்க்கடைக்குப் போயிடுவார். நான் போலீசுக்குப் போகல, பொண்ணாச்சேன்னு. நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க. சாயங்காலம் அவ கணக்க முடிச்சு அனுப்பிடறேன்."

"அவங்கதான்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"யாரா இருந்தாலும் சரி மேடம்!" முதலாளி மேசையில் ஓங்கித் தட்டினார். "என் மெஷின கெடுத்த கை இனிமே இந்த ஆபீஸ் சாவியத் தொடக்கூடாது. அது எங்க அண்ணனா இருந்தாலும் சரி, தம்பியா இருந்தாலும் சரி. அவ்வளவுதான்."

"இத மறந்துடாதீங்க" என்றார் அத்தை. அவர் குரலில் பாராட்டு போல ஏதோ ஒன்று இருந்தது. முதலாளி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

டிசைனர் அழுதிருந்தாள் என்பது தெரிந்தது. அழுததை மறைக்க முகம் கழுவியிருந்தாள் என்பதும் தெரிந்தது.

"நீங்க துப்பறியறவங்கதானே? எனக்குத் தெரியும்" என்றாள். "இந்தக் கார்டு வாங்கலாம்னு அவர்கிட்ட மல்லுக்கு நின்னதே நான்தான் மேடம். பழைய கார்டுல ஒரு நிமிஷப் படம் ஓடி முடிக்க ஒரு ராத்திரி பத்தாது. கெஞ்சிக் கூத்தாடி வாங்க வெச்சேன். நானே போய் அதக் கெடுப்பேனா? இந்த வேலையிலேருந்து திருட்டுப் பட்டத்தோட போனா இந்தத் தொழில்ல வேற எவன் என்னை உள்ள விடுவான்?"

அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "மெக்கானிக் வர்ற வரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

"சும்மா இருக்க முடியாதே." அவள் குனிந்து, திரைக்குப் போகும் கேபிளைப் புதுக் கார்டிலிருந்து பிடுங்கி, பெட்டியின் பின்னால் வேறொரு ஓட்டையில் செருகினாள். "இது மதர்போர்டோட சொந்த வாய். கார்டு இல்லாமலே சுமாரா படம் வரும். மெயில் பாக்கலாம், வாடிக்கையாளருக்குப் பதில் போடலாம். கிளினிக் படமெல்லாம் இதுல ஓடாது."

பெட்டியை அணைத்து மீண்டும் இயக்கினாள். படம் வந்தது. அவள் கை போகிற போக்கில் திரையின் ஓரத்தில் இரண்டு மூன்று தட்டுத் தட்டிவிட்டு, மெயிலைத் திறந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்தான், பார்த்ததோடு சரி. அவன் கவனம் முழுக்கத் தன் சட்டையில் ஒட்டியிருந்த தூசியில் இருந்தது.

அத்தைக்குத் திடீரென்று தண்ணீர் தாகம் எடுத்தது. விசாரணைகளில் அவருக்கு அடிக்கடி தாகம் எடுக்கும். சமையலறைகளைப் பார்க்க அதைவிட நாகரிகமான வழி கிடையாது.

துண்டு சமையலறையில் சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று நின்றது. அதன் காலடியில் ஒரு பழைய துணி, சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. அத்தை ஃப்ரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்து மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு அந்தச் சுளிப்பு மெல்லச் சிரிப்பாக மாறியது.

"கெட்டுப்போன பாலுக்குச் சிரிக்கற ஒரே ஆள் நீங்கதான் அத்தை."

"இந்த ஃப்ரிட்ஜுக்கு என்ன வியாதி?" என்று அத்தை வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்.

கண்ணாடி அறையிலிருந்து முதலாளியின் குரல் வந்தது. "அத விடுங்க மேடம். ரிப்பேர்காரங்க எத்தனையோ பேர் பாத்துட்டாங்க. பகல்ல வந்து பாக்கறப்ப ஐஸ் கட்டி கட்டியா நிக்கும். காலையில பாத்தா தண்ணி. ஏமாத்து கம்பெனி."

"பகல்ல ஒழுங்கு, காலையில கோளாறு" என்று அத்தை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "மாப்பிள்ளை, வெயிலா இருக்கு. இருந்தாலும் எதிர்க்கடைக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுங்களேன்."

எதிர்க்கடைக்காரர் மாப்பிள்ளையை வாடிக்கையாளர் என்று நினைத்து நாற்காலி போட்டார். துப்பறிகிறவன் என்று தெரிந்ததும் விசிறியை அணைத்தார். அதே முதலாளியிடம் பயின்றவர் அல்லவா.

"அந்தப் பொண்ணா? நான்தான் கூப்பிட்டேன். இங்க வந்துடு, கூடப் போட்டுத் தர்றேன்னேன். 'புதுக் கார்டு வந்திருக்கு சார், நான் கேட்டு வாங்கினது, கிளினிக் படத்த முடிச்சுக் காட்டாம வரமாட்டேன்'னுட்டா. பைத்தியம். அங்கயே கிடக்கட்டும்."

திரும்பி நடக்கும்போது மாப்பிள்ளைக்கு மனசு கனத்தது. கிண்டல் செய்ய ஒன்றும் தோன்றவில்லை. வேலை போவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். செய்யாத தப்புக்குப் போவது எப்படி இருக்கும் என்பதை அவன் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை.

அவன் உள்ளே நுழைந்தபோது மெக்கானிக் வந்திருந்தார். எப்போதும் உதட்டில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டே பேசுவதால் அவருக்கு ஸ்க்ரூ என்றே பெயர். சொந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாராம்.

"கார்டுல குத்தமே இல்ல மேடம்" என்றார் ஸ்க்ரூ. "என் கடை மெஷின்ல போட்டா பறக்குது. இந்த மதர்போர்டு பழசு. புதுக் கார்டு வேகமாப் பேசும். 'ஆட்டோ'ன்னு விட்டா இதுவும் அதே வேகத்துல பேசப் பாத்துத் திக்கும். அது சொல்றது இதுக்குப் புரியாது, இது சொல்றது அதுக்குப் புரியாது. திரை இருட்டு. அதனால போர்டோட செட்டிங்ல போய், 'நீ உன் பழைய வேகத்துலயே பேசு'ன்னு சொல்லி வைக்கணும். கார்டு இறங்கி வந்து பேசும். சண்டை தீந்துடும்."

"இந்த செட்டிங் வீடுகளுக்கும் வருமா?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

அத்தைக்குக் காது கேட்கவில்லை. "பழைய கார்டுக்கு இந்தத் தகராறு இல்லையா?"

"அதுவும் பழசு, இதுவும் பழசு. 'ஆட்டோ'வுல ரெண்டும் கொஞ்சிக் குலாவும்."

"நீங்க மாத்தினது மறுநாள் காலையில?"

"மறுபடி 'ஆட்டோ'. யாரோ கை வெக்கறாங்க. அதுல சந்தேகமே இல்ல."

"தானா மறந்திருக்க வாய்ப்பே இல்லையா?"

ஸ்க்ரூ திருகாணியை உதட்டின் மறுபக்கத்துக்குத் தள்ளினார். தொழில் மானம் சீண்டப்பட்ட அடையாளம். "போர்டுல ஒரு பொட்டு பேட்டரி இருக்கும் மேடம், பித்தான் சைஸ்ல. கரண்ட் இல்லாத நேரத்துல ஞாபகத்தக் காப்பாத்தறது அதுதான். அது செத்துட்டா செட்டிங் மறக்கும், ஒத்துக்கறேன். ஆனா கூடவே கடிகாரமும் மறக்கும். தேதி என்னைக்கோ ஒரு வருஷத்துக்கு ஓடிடும். நான் தினமும் வந்ததும் மொதல்ல அதத்தான் பாக்கறேன். தேதி, நேரம் எல்லாம் டாண்னு சரியா இருக்கு. அதனால பேட்டரி நிரபராதி."

முதலாளி வெற்றியோடு அத்தையைப் பார்த்தார். டிசைனர் தலையைக் குனிந்துகொண்டாள். பேட்டரி நிரபராதி என்றால் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான்.

ஸ்க்ரூ செட்டிங்கை மாற்றினார், கேபிளைப் புதுக் கார்டில் செருகினார். திரை பளிச்சென்று விழித்தது. கிளினிக் படம் கண்ணாடியில் வழுக்குவதுபோல ஓடியது. வாசல், வரவேற்பறை, நீல நிற நாற்காலிகள், ஜன்னலில் விழும் வெயில். இதைச் செய்தவள் இதைக் கெடுப்பாளா என்று மாப்பிள்ளை நினைத்தான். ஆனால் நினைப்பதைச் சாட்சியாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

அத்தை டிசைனரின் தோளில் கை வைத்தார். "காலையில படம் வந்ததும் ஓரத்துல ஏதோ தட்டினீங்களே, என்னம்மா அது?"

"எது மேடம்?"

"மெயில் திறக்கறதுக்கு முன்னாடி."

"ஓ, அதுவா?" அவள் யோசித்துத்தான் ஞாபகப்படுத்திக்கொண்டாள். "தேதி மாத்தினேன். பழைய மெஷின் இல்லையா, காலையில எப்பவும் ஏதோ ஒரு வருஷத்தக் காட்டிட்டு நிக்கும். தேதி தப்பா இருந்தா நெட் வராது. அதான் வந்ததும் சரி பண்ணிடுவேன். இப்ப மட்டும் இல்ல, கொஞ்ச மாசமாவே அப்படித்தான். பல்லு விளக்கற மாதிரி."

'டிங்' என்று ஒரு சத்தம். ஸ்க்ரூவின் உதட்டிலிருந்து திருகாணி விழுந்திருந்தது.

"ஏம்மா, இத என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே!"

"தினமும் அவர் வர்றதுக்கு முன்னாடி தடயத்தத் துடைச்சு, மெழுகி, கோலம் போட்டு வெச்சிருக்கீங்க" என்றான் மாப்பிள்ளை. "குற்றவாளிகூட இவ்வளவு பொறுப்பா இருக்க மாட்டான்."

ஆனால் முதலாளி லேசில் விடுகிறவர் இல்லை. "சரி, பேட்டரி செத்துடுச்சு. ஆனா இவர் என்ன சொன்னார்? கரண்ட் இல்லாதப்பதானே பேட்டரி வேணும்? இங்க கரண்ட் எப்பங்க போச்சு? இந்தத் தெருவுல கட்டே கிடையாது. பகல்ல நூறு தடவை அணைச்சுப் போடறோம், ஒண்ணும் மறக்கலையே?"

"சரியான கேள்வி" என்றார் ஸ்க்ரூ, கீழே திருகாணியைத் தேடியபடி. "பொத்தான்ல அணைச்சாலும் சுவத்துலேருந்து கொஞ்சம் கரண்ட் போர்டுக்கு வந்துட்டேதான் இருக்கும். மொத்தமா நின்னாதான் மறக்கும்."

"ஆக, யாரோ மொத்தமா நிறுத்தறாங்க" என்றார் அத்தை. "ஃப்ரிட்ஜும் அதத்தான் சொல்லுது. ராத்திரி பூரா ஐஸ் உருகி, பால் திரிஞ்சு போயிருக்கு. கார்டுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஒரே வியாதி."

"அப்படின்னா உள்ள வந்தது உண்மைதானே!" முதலாளி துள்ளினார். "மாத்துச் சாவி போட்டு வந்து, கரண்டயும் நிறுத்தறா!"

டிசைனரின் கண்கள் மறுபடியும் நிறைந்தன. அத்தை எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார்.

"அதையும் பாத்துடுவோம். நீங்க எவ்வளவு கவனமாப் பூட்டறீங்கன்னு நான் தெரிஞ்சுக்கணும். ராத்திரி கிளம்பறப்ப என்னென்ன பண்ணுவீங்களோ, ஒண்ணு விடாம செஞ்சு காட்டுங்க. ஏம்மா, படத்த சேமிச்சு வெச்சிட்டீங்களா?"

"வெச்சிட்டேன் மேடம்."

முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் கவனத்தை நாலு பேர் பார்க்கச் செய்துகாட்டும் வாய்ப்பு ஒரு மனிதனுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தொடங்கினார். ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். குழாயை இறுக்கினார். அலமாரியைப் பூட்டி இழுத்துப் பார்த்தார். வாய் ஓயாமல் விளக்கம் வேறு.

"இந்தத் தெருவுல ஒரு துணிக்கடை எரிஞ்சுது மேடம். ஒயர் கோளாறு. அதுலேருந்து நான் ஒரு சான்ஸ் எடுக்கறதில்ல. ஒரு பொறி இருக்கக்கூடாது பாருங்க..."

கடைசியாக வாசலுக்கு வந்தார். கதவோரம் தொங்கிய பெரிய நாள்காட்டியை ஒரு கையால் ஒதுக்கினார். அதற்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த தடித்த சுவிட்சுக் கட்டையைப் பிடித்து, மிகுந்த திருப்தியோடு, கீழே இறக்கினார்.

'டக்.'

விளக்குகள் போயின. விசிறிகள் வேகம் இழந்து நின்றன. மூன்று திரைகளும் அணைந்தன. சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

"இப்படிப் பூட்டிட்டுப் போனா நிம்மதியாத் தூங்கலாம்" என்று முடித்தார் முதலாளி. முடித்த பிறகுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். தன் கையைப் பார்த்தார். அது இன்னும் கட்டையின்மேல் இருந்தது.

"பேய் கிடைச்சிடுச்சு அத்தை" என்றான் மாப்பிள்ளை மெதுவாக. "காலையில வந்து மறுபடி ஏத்தி வெக்கற நல்ல பேய்."

முதலாளி அவசரமாகக் கட்டையைத் தூக்கிவிட்டார். விளக்குகள் வந்தன. டிசைனர் பெட்டியை இயக்கினாள். விசிறி சுற்றியது, நீல விளக்கு மினுங்கியது. திரை கும்மிருட்டு.

"இது... இது தற்செயல்" என்றார் முதலாளி. குரல் கீழே போயிருந்தது. "நான் கெடுத்தேன்னு சொல்றீங்களா? என் மெஷின நானே? பேட்டரிய மாத்திட்டு, மறுபடி நான் இதே மாதிரி அணைச்சு, அப்பவும் படம் வந்தா ஒத்துக்கறேன்."

"பேட்டரி கடையில இருக்கு. போயிட்டு வர நேரமாகும்" என்றார் ஸ்க்ரூ. "டாக்டர் வந்துடுவாரே."

டிசைனர் பதறி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தை முதலாளியின் முன்னால் போய் உள்ளங்கையை நீட்டினார்.

"சாவிக்கொத்தக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்களேன்."

முதலாளி தயங்கித் தயங்கி இடுப்பிலிருந்து கழற்றினார். அத்தை அதை ஸ்க்ரூவிடம் நீட்டினார். "இந்தக் கார் ரிமோட்டுக்குள்ள என்ன பேட்டரி இருக்கும்?"

ஸ்க்ரூ ரிமோட்டைப் பிளந்தார். பித்தான் போல ஒரு வெள்ளி வட்டம் அவர் உள்ளங்கையில் விழுந்தது. பெட்டிக்குள் குனிந்து செத்த பேட்டரியைப் பிடுங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகள்.

மாப்பிள்ளைகூடக் கிண்டலை விட்டுவிட்டுத் திருகாணிகளைப் பொறுக்கிக் கொடுத்தான் என்பதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். பேட்டரி உள்ளே போனது. செட்டிங்கும் தேதியும் மாறின. கேபிள் கார்டுக்கு வந்தது, படமும் வந்தது.

"இப்ப அணைங்க" என்றார் அத்தை.

முதலாளி நாள்காட்டியை ஒதுக்கினார். இந்த முறை கையில் அந்தத் திருப்தி இல்லை. 'டக்.' இருட்டு. டிசைனர் தன் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவிட்டார்.

"ஏத்துங்க."

கட்டை ஏறியது. பெட்டி உறுமியது. நீல விளக்கு மினுங்கியது. திரை இருட்டாகவே இருந்தது. இன்னும் இருட்டாகவே இருந்தது. பிறகு ஒரு சின்ன எழுத்து, அதன்பின் வெளிச்சம்.

டிசைனர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓரத்தில் தேதி சரியாக இருந்தது. பழக்கதோஷத்தில் அதன்மேல் போன கையை அவளே பிடித்து இழுத்துக்கொண்டாள்.

பல் டாக்டர் வந்தபோது யாரும் எதுவும் நடந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் திரைக்குள் தன் கிளினிக் வாசலில் நுழைந்தார், நீல நாற்காலிகளைத் தாண்டினார், ஜன்னலருகே நின்றார். "இந்த வெயில் நிஜமாவே இங்க விழுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். டிசைனர் மணி வாரியாக விளக்கினாள். எதிர்க்கடை என்று ஒன்று இருப்பதையே அவர் மறந்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

வேலை உறுதியானதும் முதலாளியே அவரை வழியனுப்பப் போனார். தன் காரில் கொண்டுபோய் விடுவதாகப் பெருந்தன்மையோடு சொல்லி, பழக்கத்தில் ரிமோட்டை அமுக்கினார். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினார். பிறகு, பேட்டரி எங்கே போயிற்று என்பது ஞாபகம் வந்து, சாவியைக் கதவிலேயே நுழைத்துத் திருகினார்.

கார் ஊரைக் கூட்டியது. விளக்குகள் பளிச் பளிச்சென்று அடிக்க, 'திருடன், திருடன்' என்று சொல்லாத குறையாக அலறியது. தெருவே எட்டிப் பார்த்தது. எதிர்க்கடைக்காரர் வாசலுக்கே வந்து நின்று ரசித்தார்.

"இந்த ஊர்ல உண்மைய உரக்கச் சொல்றது ஒரு கார்தான் அத்தை" என்றான் மாப்பிள்ளை.

காரை ஒருவழியாக அடக்கி, டாக்டரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, முதலாளி உள்ளே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக அத்தையிடம், "உங்க ஃபீஸ்..." என்று ஆரம்பித்தார்.

"அது வரும். காலையில ஒண்ணு சொன்னீங்களே" என்றார் அத்தை. "மெஷின கெடுத்த கை..."

முதலாளி சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். கொத்திலிருந்து கார் சாவியைக் கழற்றினார், அலமாரிச் சாவிகளைக் கழற்றினார். மிச்சமிருந்த ஒற்றைச் சாவியோடு டிசைனரின் மேசைக்குப் போனார்.

"நான் உன்னைத் திருடின்னு நினைச்சேன்ம்மா" என்றார். "தப்பு. பெரிய தப்பு. இனிமே நீயே பூட்டு, நீயே திற."

அவள் சாவியை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. மேசைமேல் கொஞ்ச நேரம் இருக்கவிட்டாள். பிறகு எடுத்தாள்.

"ராத்திரி மெயின அணைக்கணுமா சார்?"

"வேணாம். ஃப்ரிட்ஜ் பாவம்." வாசல்வரை போனவர் திரும்பினார். "ஜன்னல் கொக்கிய மட்டும் ஒரு தடவை ஆட்டிப் பாத்துக்கோ."

வீட்டுக்குத் திரும்பும்போது அத்தைதான் ஸ்கூட்டர் ஓட்டினார். மாப்பிள்ளை பின்னால் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, செத்த கைபேசியைச் சும்மா கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு வந்தான்.

"ஒண்ணு கேக்கணும் அத்தை. ஃப்ரிட்ஜப் பாத்ததும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அந்தப் பொண்ணு தேதிய மாத்தினத நீங்க விசாரிக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சீங்களே."

"கடைசியாப் படுக்கப் போறவங்க கைக்கு ஒரு பழக்கம் வந்துடும் மாப்பிள்ளை. வீடு பூரா ஒரு சுத்து வந்து, எல்லா சுவிட்சயும் அணைச்சாதான் தூக்கம் வரும். அந்த ஆளோட அறிவிப்பெல்லாம் படிச்சப்பவே நினைச்சேன். தெரிஞ்ச ஜாதிதான் அது."

மாப்பிள்ளை யோசித்தான். அவர்கள் வீட்டில் கடைசியாகப் படுக்கப் போவது யார் என்று யோசித்தான். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் ஒரு பிளக் இருக்கிறது. தினமும் சாப்பிட்டதும் அவன் கைபேசியை அதில்தான் மாட்டிவிட்டுப் படுக்கப் போவான். காலையில் எழுந்து வந்து பார்த்தால் பாதிகூட ஏறியிருக்காது. சார்ஜர் மாற்றினான், கேபிள் மாற்றினான். புதுப் போன் வாங்கலாமா என்று மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டு, வேலைக்குப் போகிற முகத்தைப் பார் என்பது போல ஒரு பார்வையும் வாங்கியிருந்தான்.

"அத்தை."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"என் போன் பழசாயிடுச்சுன்னு காலையில சொன்னீங்களே..."

ஸ்கூட்டர் சிக்னலில் நின்றது. அத்தை திரும்பவில்லை. கண்ணாடியில் மட்டும் அவர் கண்கள் ஒரு கணம் தெரிந்து, நகர்ந்துகொண்டன. பச்சை விழுந்தது.

"அந்த கேஸ நாம எடுக்க வேணாம் மாப்பிள்ளை" என்றார். "தப்பா நினைச்சுக்காதீங்க. கட்சிக்காரரும் குற்றவாளியும் ஒரே வீட்டுல இருக்காங்க."

அன்று இரவு மாப்பிள்ளை வழக்கம்போலக் கைபேசியை ஹால் பிளக்கில் மாட்டிவிட்டுப் படுத்தான். காலையில் அது முழுசாக ஏறியிருந்தது.